ஏழாம் நம்பர் மலையின் மண் யாருடையது

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிய நேரத்தில், பிள்ளைக் காம்பராவின் மர மேசையில் வைத்து எழுதினேன். நகல் என் நோட்டில் இருக்கிறது. யாருக்கு எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள்வது என் வழக்கம். இந்த முறை அந்த நகல் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

பலாங்கொடைக்கும் ஓப்பநாயக்கவுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து மேலே ஏறினால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வேலை செய்கிறோம். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் நான் ஆயா. தினமும் ஒரு பதிவேடு நிரப்ப வேண்டும். எத்தனை பிள்ளைகள், என்ன சாப்பாடு, யாருக்குக் காய்ச்சல். இவ்வளவுதான் ஆபீஸ் கேட்பது. ஆபீஸ் கேட்காத இரண்டு கோடுகளை நானாகவே சொந்த நோட்டில் போட்டுக்கொண்டேன். ஒன்று மழை, மற்றது தண்ணீர்.

தண்ணீரை எழுதத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் பைப் வருவது பழைய பேக்டரி டேமிலிருந்து. பேக்டரி மூடி எத்தனையோ காலமாகிறது, டேம் மட்டும் எங்களுக்கு மிச்சம். பிள்ளைகளுக்குப் பால்மா கரைப்பதும், இலைக்கஞ்சி காய்ச்சுவதும் அந்தத் தண்ணீரில்தான். சில வாரங்களில் அது பாசி பிடித்துப் பச்சையாக வரும். காய்ச்சி வடிகட்டினாலும் ஒரு கவிச்சி வாடை போகாது. பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும். அதனால் தினமும் காலை ஏழே காலுக்கு ஒரு கண்ணாடி கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றிரண்டு சொல்லில் எழுதுவேன். தெளிவு. சிவப்பு. பச்சை.

என் கடிதத்தில் இருந்தது இதுதான். மலையில் உரம் போட்டு முடிந்த அன்று சாயங்காலம் வெறும் உரப்பைகளை ஆட்கள் எடுத்து வருவார்கள். அது எழுதாத உரிமை. அந்தப் பைகள் இல்லாமல் எங்கள் வீடுகள் இல்லை. விறகு கட்ட, ஒழுகும் கூரைக்கு அடியில் கட்ட, கொழுந்து எடுக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பைகளைக் கழுவுவது டேமுக்குள் விழும் ஓடையில், சரியாக ஓடை டேமுக்குள் இறங்கும் கல்லில். அதுதான் தட்டையான கல். நானும் அதில் கழுவியிருக்கிறேன். உரம் போட்ட மாதங்களில் சில நாள் கழித்துத் தண்ணீர் பச்சையாகிறது என்று என் நோட்டில் பார்த்தேன். பார்த்தவுடன் முடிவு கட்டினேன். ஆகவே ஓடையை விட்டுத் தள்ளி, பை கழுவ ஒரு சீமெந்துத் தொட்டியும் ஒரு பைப்பும் கட்டித் தரவேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டு எழுதினேன்.

பதில் சித்திரை வருடப்பிறப்பு லீவு முடிந்த முதல் நாள் வந்தது. எனக்கு வரவில்லை, பெரட்டுக்களத்துப் பலகைக்கு வந்தது. காலையில் ஆட்கள் கூடி வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்த இடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டியிருந்தார்கள். லயத்து மக்களின் செயல்களால் டேம் தண்ணீர் பழுதாவதாக எழுத்து மூலம் அறிவிக்கப்பட்டுள்ளது, ஆகவே ஓடைக்கரையிலுள்ள மரக்கறித் தோட்டங்கள் அனைத்தும் வெசாக் பௌர்ணமி போயாவுக்கு முன் அகற்றப்பட வேண்டும், தவறினால் நிர்வாகமே அகற்றும். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பைப்பைப் பற்றி இல்லை. அந்த "எழுத்து மூலம்" என்பது என் எழுத்து.

ஓடைக்கரையில் பதினொரு வீட்டுத் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டம் என்றால் ஒரு லயக் காம்பரா, அதாவது ஓர் அறை, அகலமுள்ள துண்டு நிலம். அவரை, மரவள்ளி, கொச்சிக்காய், வல்லாரை. மாதத்தின் கடைசி வாரத்தில் பல வீடுகளில் கறி என்பது அதுதான். என் பிள்ளைகளின் இலைக்கஞ்சிக்கு இலை வருவதும் அங்கிருந்துதான். நான் தண்ணீரைக் காப்பாற்றப் போய் இலையைப் பறிகொடுக்க இருந்தேன்.

எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா, கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, வாயிலும் அப்படியே. அன்று கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவ வூட்டுக்குப் பக்கத்துல குடியிருக்காதன்னு எங்க மாமியா சொல்லிச்சு. அப்ப நா கேக்கல."

"அக்கா, நான் தொட்டிதான் கேட்டேன்."

"தொட்டி கேட்டா தொட்டியா குடுப்பாங்க? நீ சம்பளம் கூட்டிக் கேட்ட நாள்ல எல்லாம் என்னாத்தக் குடுத்தாங்க? இம்புட்டுப் புத்தகம் படிக்கிறியே ஆயா, அதுல இது எழுதலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சின்ன துரை என்று நாங்கள் கூப்பிடும் உதவி மேனேஜர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்வரை அங்கேயே நின்றேன். இளம் வயது. சிங்களவர், ஆனால் எங்களோடு பேசுமளவுக்குத் தமிழ் பேசுவார்.

"தொர, என் கடிதத்துல தோட்டத்தப் பத்தி ஒண்ணுமே எழுதலீங்க."

"ஆயா, நீங்க தானே எழுதினது, தண்ணி கெட்டுப் போகுது லயத்து ஆளால எண்டு. நாங்க அக்‌ஷன் எடுத்தோம் நே."

"நான் கேட்டது ஒரு தொட்டியும் ஒரு பைப்பும்."

"ஹரி, சரி. தொட்டிக்கு பட்ஜெட் வேணும். தோட்டம் கழட்ட பட்ஜெட் வேணாம்." அவர் நேர்மையாகத்தான் சொன்னார். "அந்தத் தோட்டத்துல நீங்க சாணி போடுறது, பொஹொர போடுறது, ஒக்கோம, எல்லாம் டேமுக்குத் தானே வருது."

அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "ஒரம் வாங்கிப் போடுற அளவுக்கு நாங்க எங்க போறது தொர? வெறும் பைதானே எங்களுக்கு வருது."

அதற்கும் சிரித்தார்கள். சின்ன துரையும் சிரித்தார். நோட்டீஸ் பலகையிலேயே இருந்தது.

அன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்தேன். ஒரு பிழையை எழுதியவள் அதை எழுத்தாலேயே திருத்த வேண்டும். நோட்டின் ஓரத்தில் குறித்திருந்த உரம் போட்ட நாட்களை ஒரு தாளில் எழுதினேன். பக்கத்தில் பச்சை வந்த நாட்களை எழுதினேன். பல இடத்தில் பொருந்தியது. மாசியில் நான் பார்த்ததும் இதைத்தான், பார்த்து நிறுத்திக்கொண்டதும் இதோடுதான். இந்தமுறை நிறுத்தவில்லை. 2021ஆம் வருட நோட்டை எடுத்தேன்.

அந்த வருடம் இரசாயன உரம் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். எங்கள் மலைகளுக்கு மாதக்கணக்கில் ஒரு மூட்டை உரம் ஏறவில்லை. உரம் இல்லாவிட்டால் வெறும் பை இல்லை. பை இல்லாவிட்டால் கழுவல் இல்லை. அந்த வருடம் படங்கு கிழிந்தபோது மாற்றுவதற்குப் பை கிடைக்காமல் அக்கா பழைய சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் ஐப்பசி இடிமழைக்குப் பிறகு என் கையெழுத்தில் "சிவப்பு" என்று மூன்று நாள். பிறகு வெயில். பிறகு "பச்சை", "பச்சை", "பச்சை, வாடை", வாரக் கடைசிவரை.

ஒரு பை கழுவாத வருடத்திலும் டேம் பச்சையாகியிருக்கிறது. வேறு வருடங்களையும் புரட்டினேன். பச்சைக்கு முன்னால் எப்போதும் இருந்தது உரமல்ல, சிவப்பு. பலத்த மழை, சிவப்புத் தண்ணீர், ஒரு வாரம் பத்து நாள் வெயில், அதன் பிறகு பச்சை. மழைக்கு முன்னால் உரம் போடுவது தேயிலைத் தோட்டத்தின் வழக்கம் என்பதால் உரமும் அந்த வரிசையில் வந்து நின்றிருக்கிறது. நான் அதைப் பிடித்துக்கொண்டு மண்ணை விட்டுவிட்டேன். சிவப்பு என்று இத்தனை வருடம் என் கையாலேயே எழுதினேன், எங்கிருந்து வந்த சிவப்பு என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை பலாங்கொடைக்கு பஸ் ஏறினேன். நூலகத்தில் விவசாயப் புத்தகங்கள் இருக்கும் அலுமாரி எனக்குத் தெரியும். தண்ணீரில் பாசியைக் கொழுக்க வைப்பது உரத்திலுள்ள ஒரு சத்து என்று அங்கே படித்தேன். பாடப்புத்தகத்தில் அதைப் பொசுபரசு என்று எழுதுவார்கள், பத்திரிகையில் பாஸ்பரஸ் என்று. இரண்டும் ஒன்றே. செடிக்கு வேர் பிடிக்க அது வேண்டும். அதைப் பற்றி நான் அறியாதிருந்தது ஒன்று. உரத்திலுள்ள மற்றச் சத்துகளில் பல, கறிக்குப் போட்ட உப்பைப் போல. தண்ணீர் பட்டால் கரைந்து அதோடு போய்விடும். பாஸ்பரஸ் மஞ்சளைப் போல. பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அதிலும் எங்கள் மலையைப் போன்ற சிவந்த மண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளும். பெரும்பகுதி தண்ணீரோடு தனியாகப் போகாது, மண் போனால் மண்ணோடு போகும். செடி எடுத்தது போக மிச்சம் வருடா வருடம் மண்ணிலேயே சேர்ந்து கிடக்கும். எங்கள் தாத்தாமார் காலத்தில் வீசிய உரத்தின் மிச்சம்கூட இன்னும் அந்த மலையில் இருக்கக்கூடும். இந்த வருடம் உரம் போடாவிட்டாலும் மலை அதை மறந்துவிடாது. மழை மண்ணை வழித்துக்கொண்டு வந்து டேமில் போட்டால் பாசிக்கு விருந்து. அடியில் படிந்த சேறும் சும்மா இருக்காது. தண்ணீர் அசையாமல் அடியில் காற்றுக் குறையும் நாட்களில், பிடித்து வைத்ததை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும்.

உரம் வராத வருடத்துப் பச்சைக்கு அதுதான் பதில். பை கழுவியதும் பிழைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு பையில் ஒட்டிய கைப்பிடி உரத்துக்கும் ஒரு மலைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். டேமுக்கு நேர் மேலே இருப்பது அந்த மலை. புல்லைச் சொரண்டியால் அடியோடு செதுக்கியிருந்ததால், தேயிலைக்கு நடுவில் மண் வெறுமையாக மினுங்கியது. அப்படி இருந்தால்தான் சுத்தமான மலை என்று பெயர். சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கான்கள் என்ற சிறு வாய்க்கால்களை வெட்டியிருப்பார்கள். கானுக்குள் இடைவிட்டு இடைவிட்டுக் குழிகள் இருக்கும். மழைத் தண்ணீர் ஓடிவரும்போது கொண்டுவந்த மண்ணை அந்தக் குழியில் போட்டுவிட்டுத் தெளிந்து போகும். மழைக்காலத்துக்கு முன்னால் குழியில் சேர்ந்த மண்ணை வாரிச் செடிக்கு மேல்பக்கமாகப் போட வேண்டும். என் வீட்டுக்காரர் வாலிபத்தில் கான் வெட்டுக்காரர். அந்த வேலைக்குப் பல வருடமாகப் பெயர் கூப்பிடுவதில்லை.

அவர் கான் இருந்த இடத்தில் நின்று காலால் தட்டிப் பார்த்தார்.

"இதுல ஆட்டோ ஓட்டலாம் புள்ள."

குழி எது, கரை எது என்று தெரியவில்லை. எல்லாம் மண் நிரம்பிச் சமமாகிக் கிடந்தது. மழை அதன் மேலாக நேரே வழிந்து, மதகுக்குள் விழுந்து, டேமுக்குப் போன தடம் சிவப்பாகத் தெரிந்தது. அவர் ஒரு குச்சியைக் குழி இருந்த இடத்தில் குத்தினார். முழங்கால் உயரம் இறங்கிப் பிறகுதான் கெட்டி மண்ணில் நின்றது. நான் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

அக்கா ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து விரலால் நெரித்தாள். "இம்புட்டு நல்ல மண்ண இங்க போட்டு வச்சிக்கிட்டு, எங்க வல்லாரையப் புடுங்கச் சொல்றாங்க."

இரண்டாவது கடிதம் எழுதினேன். நாட்களை அருகருகே எழுதிய தாளையும் சேர்த்தேன். என் முதல் கடிதத்தின் முடிவு பிழை என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஏழாம் நம்பர் மலைக் கான்களைத் தூர் எடுக்க வேண்டும், தோட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். இந்தமுறை தாழ்மையுடன் என்று எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் பியோன் வாய்மொழியாகப் பதில் கொண்டுவந்தார். கான் எடுக்க ஆள் இல்லையாம்.

"ஆள் இல்லையாமா?" என்று கேட்டாள் அக்கா. "அப்ப நாம யாரு, கொரங்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பதினொரு வீட்டு ஆட்களும் ஏறினோம். மண்வெட்டி ஆறு. கொண்டுபோனது உரப்பைகள், எந்தப் பைகளைக் கழுவியதற்காக இந்தத் தொல்லை எல்லாம் வந்ததோ அதே பைகள். என் வீட்டுக்காரர் கானின் பழைய கரையை நினைவிலிருந்து காட்டக் காட்டக் குழிகளை மட்டும் தோண்டினார்கள். செடி வேரில் ஒரு வெட்டு விழவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்று ஒவ்வொரு குழியாக எழுதினேன். அக்கா என் தலையில் ஒரு மூட்டையை வைத்து, "எழுதுனது போதும், கொஞ்சம் சொமந்தும் பாரு" என்றாள். சுமந்தேன். ஈர மண் என்ன கனம் கனக்கும் என்பது எந்த நோட்டிலும் இல்லாத விஷயம்.

மண்ணை எங்கள் தோட்டங்களில் பாத்தியாக உயர்த்தினோம். ஓடைப் பக்கம் சரிந்துவிடாமல் கல் அடுக்கி, வேரால் மண்ணைப் பிடிக்கும் சேரைப் புல் நட்டோம். பை கழுவ ஒரு பழைய பீப்பாயை ஓடைக் கல்லுக்குத் தள்ளி மேலே கொண்டுபோய் வைத்து, கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றுவதென்று முடிவு செய்தோம். தொட்டிக்கு பட்ஜெட் வரும்வரை பீப்பாய்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன துரையின் முகம் கறுத்திருந்தது.

"ஆயா, யாரைக் கேட்டு மலையில ஏறினது?"

"கான் எடுக்க ஆள் இல்லேன்னு சொல்லி அனுப்பினீங்க. நாங்க எடுத்தோம்."

"எடுத்தது ஹரி. மண்ணைக் கொண்டு போனது? எஸ்டேட் மண்ணு அது. இது ஹொரகம். பொலிஸுக்குக் குடுக்கலாம் எனக்கு."

திருட்டு என்று சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மலைக்கு ஏறிய நாளிலிருந்து நான் காத்திருந்த ஒரு வாக்கியத்தை அவர் தன் வாயாலேயே சொன்னதுபோல இருந்தது. 2021 நோட்டை மேசையில் வைத்துத் திறந்தேன்.

"தொர, அந்த மண்ணு எஸ்டேட்டோடதுன்னு சொல்றீங்க."

"ஒவ். வேற யாருது?"

"ஏழாம் நம்பர் மலை மண்ணு."

"ஏழாம் நம்பர் மலை மண்ணு."

"அப்ப கான் நெறஞ்சதுனால அங்க நிக்காம டேமுக்குள்ள எறங்கின மண்ணு?"

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"கான்ல நின்னது எஸ்டேட்டோட மண்ணுன்னா டேமுக்குப் போனதும் எஸ்டேட்டோட மண்ணுதான். அந்த மண்ணுதான் தண்ணியப் பச்சையாக்குது, உரம் வராத வருசத்துலயும் ஆக்கியிருக்கு, இந்தா நாள் இருக்கு. நாங்க திருடினோம்னு எழுதித் தாங்க தொர. ஏழாம் நம்பர் மலை மண்ண லயத்து ஆளுங்க எடுத்தாங்கன்னு, அது எஸ்டேட் மண்ணுதான்னு, கையெழுத்துப் போட்டு. அத நானே பொலிஸுக்குக் கொண்டு போறேன். அதே கடிதத்தத் தண்ணிய டெஸ்ட் பண்றவங்களுக்கும் கொண்டு போறேன்."

அவர் பேனாவை எடுத்தார். என் நோட்டைத் திருப்பி, ஐப்பசிப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் படித்தவர், வரிசை அவருக்குப் புரிந்திருக்கும். பேனாவைக் கீழே வைத்தார்.

"போங்க ஆயா. போய் புள்ளைங்களப் பாருங்க."

"எழுதித் தாங்க தொர."

"போங்க எண்டு சொன்னேன் நே."

போனேன். மறுநாள் காலை அக்கா பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "என்னா ஆயா, நம்மள எப்ப புடிச்சிட்டுப் போறாங்க? புது படங்கு கட்டிக்கிட்டு வரணும், அதான் கேட்டேன்."

வெசாக் வந்தது. யாரும் வந்து ஒரு கொடியைப் பிடுங்கவில்லை. நோட்டீஸை யாரும் எடுக்கவுமில்லை. வைகாசி மழையில் நனைந்து தமிழ்ப் பகுதி முதலில் கிழிந்தது, ஒரு வாரம் கழித்துச் சிங்களப் பகுதி.

டேம் தெளிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன், என் நோட்டில் அப்படி இல்லை. அந்த மழையில் "சிவப்பு" ஒரே நாள்தான் வந்தது, முன்பெல்லாம் மூன்று நாள் வரும். ஆனால் அடுத்த வெயிலில் பச்சையும் வந்தது. அடியில் கிடக்கும் சேறு இன்னும் எத்தனை வருடத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்குமோ தெரியாது. டேமைத் தூர் வாருவது மண்வெட்டி ஆறு கொண்டு நடக்கிற காரியமல்ல. அது யார் வேலை என்பது இப்போது எனக்கும் தெரியும், சின்ன துரைக்கும் தெரியும். மூன்றாவது கடிதம் அதைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். நோட்டில் கான் என்று மூன்றாவது கோடு ஒன்றும் போட்டிருக்கிறேன். குழி எத்தனை விரல் நிரம்பியது என்று மாதத்தின் முதல் ஞாயிறு ஏறிப் பார்த்து எழுதுகிறோம். நிரம்பினால் எடுக்கிறோம். எடுத்ததைக் கொண்டு வருகிறோம், பகலில், எல்லோரும் பார்க்க.

எங்களைத் திருடர்கள் என்று எழுதித் தரச் சொல்லி நான் கேட்ட கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் ஒட்டுவதற்கு நோட்டில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். அவரைக்குப் பந்தல் கட்டியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு வியாழக்கிழமைகளில் அதுதான் கறி.